குளிர்கால டயரும் வீலும் வண்டிக்குப் பொருந்தவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

குளிர்காலத்துக்கென்று தனியாக நான்கு வீல் வாங்கி, அவற்றில் ஸ்னோ டயரை ஏற்றி வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. வருஷத்துக்கு இரண்டு தடவை டயரை ரிம்மிலிருந்து பிடுங்கி ஏற்றும் வேலை மிச்சம். வண்டியோடு வந்த நல்ல அலாய் வீலும் உப்பு போட்ட சாலையில் அரிபடாமல் தப்பும். ஆனால் "என் வண்டிக்கு 16 இன்ச்" என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்கினால் சிக்கல்தான். ஒரு வீல் வண்டியில் ஒழுங்காக உட்கார ஏழெட்டு அளவுகள் ஒத்துப்போக வேண்டும். எந்த அளவு பிசகியிருக்கிறதோ அதற்கேற்ற தொந்தரவை வண்டி காட்டும். அந்தத் தொந்தரவிலிருந்து அளவை நோக்கிப் போவதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புது வீல் கைக்கு வந்ததும், டயர் ஏற்றுவதற்கு முன்பே வெறும் வீலை வண்டியில் மாட்டிப் பாருங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. கீழே சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி அப்போதே தெரிந்துவிடும். டயர் ஏற்றிய வீலைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடைக்காரர் அரிது.

எண்களை எங்கே பார்ப்பது

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணிலோ கதவு விளிம்பிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் அனுமதிக்கப்பட்ட மாற்று அளவுகளும் இருக்கும். குளிர்காலத்துக்கு அந்தப் பக்கம்தான் முக்கியம். வீலின் அளவுகள் வீலிலேயே, பெரும்பாலும் உள்பக்கத்திலோ ஆரத்தின் (ஸ்போக்) பின்புறத்திலோ, வார்த்தோ அடித்தோ இருக்கும்.

டயரில் 205/55ஆர்16 91எச் என்று இருந்தால் அகலம் 205 மி.மீ., பக்கவாட்டின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 இன்ச். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கிறது. எச் என்பது 210 கி.மீ. வேகம் வரை. வீலில் 6.5ஜே×16 ஈடி50, 5×114.3 என்று இருந்தால் ரிம்மின் அகலம் 6.5 இன்ச், விட்டம் 16 இன்ச், ஆப்செட் 50 மி.மீ. (இது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்), ஐந்து போல்ட், அந்த போல்ட்டுகள் அமரும் வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ. இவற்றோடு நடுத்துளையின் விட்டம், நட்டின் மரை, நட் உட்காரும் இருக்கையின் வடிவம் ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும்தான் பலர் கேட்காமல் விடுகிறார்கள்.

அறிகுறி: வீல் ஹப்பில் போய் உட்காரவே மாட்டேன் என்கிறது

ஹப் என்பது வண்டியில் வீலை மாட்டும் நடுப்பாகம். அதில் ஏற வேண்டிய வீலின் நடுத்துளை சின்னதாக இருக்கலாம். வண்டிக்கு வண்டி இது மாறும்: ஹோண்டாவில் பெரும்பாலும் 64.1 மி.மீ., ஃபோக்ஸ்வாகனில் பல மாடல்களுக்கு 57.1, ஹூண்டாய், மாஸ்டாவில் பல மாடல்களுக்கு 67.1. 57.1 துளையுள்ள வீல் 64.1 ஹப்பில் ஏறாது. துளையைக் கடைந்து பெரிதாக்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லி வேறு வீல் தேடுங்கள்.

துளை சரியாக இருந்தும் ஒரு ஓரத்தில் தட்டி நிற்கிறதென்றால், பிரேக் டிஸ்க்கைப் பிடித்து வைத்திருக்கும் சின்ன ஸ்க்ரூவோ ஹப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பின்னோ இடிக்கிறதா என்று பாருங்கள். ஹப்பின் முகத்தில் துரு ஏறியிருந்தாலும் வீல் முழுதாக உட்காராது. கம்பி பிரஷ்ஷால் பளபளப்பாகத் தேய்த்துவிட்டு மறுபடி முயலுங்கள். நட்டை முறுக்கி வீலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

அறிகுறி: நட் அல்லது போல்ட் கையால் ஏறவில்லை

நல்ல மரையில் நட் விரலாலேயே கடைசி வரை ஓட வேண்டும். இரண்டு சுற்றில் இறுகினால் நிறுத்திவிடுங்கள், ஸ்பேனரை எடுக்காதீர்கள். மரையின் இடைவெளி வேறாக இருக்கும். டொயோட்டா, ஹோண்டா வண்டிகளில் பெரும்பாலும் எம்12×1.5. நிஸான், சுபாரு, சுஸுகி வண்டிகளில் பெரும்பாலும் எம்12×1.25. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

முதல் போல்ட் சுலபமாக ஏறி, மற்றவை ஒவ்வொன்றும் கொஞ்சம் சாய்ந்து இழுத்துக்கொண்டு ஏறினால் அது வேறு கதை. போல்ட் வட்டம் பொருந்தவில்லை. 5×112-க்கும் 5×114.3-க்கும் வித்தியாசம் 2.3 மி.மீ. மட்டுமே. பலம் கொடுத்தால் 112 வீல் 114.3 ஹப்பில் ஏறிவிடும்; அதனால்தான் இது ஆபத்து. போல்ட்டுகள் வளைந்த நிலையிலேயே பாரம் தாங்கும், நட் இருக்கையில் ஒரு பக்கம் மட்டும் அமரும், ஓட ஓடத் தளரும். அந்த வீலை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

சந்தேகம் வந்தால் அளந்துவிடலாம். நான்கு போல்ட் வண்டியில் எதிரெதிர் துளைகளின் மையத்திலிருந்து மையம் அளந்தால் அதுதான் வட்டத்தின் விட்டம். ஐந்து போல்ட்டில் எதிரெதிராக எதுவும் வராது. அதனால் அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையத் தூரத்தை அளந்து 1.701-ஆல் பெருக்குங்கள். 67.2 மி.மீ. வந்தால் 114.3, 65.8 வந்தால் 112. ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு டேப் போதாது, வெர்னியர் காலிப்பர் வேண்டும்.

நட் ஏறுகிறது, ஆனால் நாலைந்து சுற்றிலேயே முடிந்துவிடுகிறது என்றால் நீளம் போதவில்லை. மரை உள்ளே போயிருக்கும் நீளம் போல்ட்டின் விட்டத்துக்குக் குறையாமல் இருப்பது பாதுகாப்பு: எம்12×1.5-இல் 8 சுற்று, எம்14×1.5-இல் ஒன்பதை ஒட்டி. அலாய் வீலின் அடிப்பகுதி தடிமன், ஸ்டீல் வீல் மெலிசு. ஆகவே ஒன்றுக்கான போல்ட் மற்றதற்கு ஒத்துவருமா என்று பார்த்தே ஆக வேண்டும். நட்டுக்குப் பதில் போல்ட் போடும் ஐரோப்பிய வண்டிகளில் இதன் மறுபக்கமும் உண்டு. அலாய்க்கான நீள போல்ட்டை ஸ்டீல் வீலில் போட்டால் அதன் முனை ஹப்பைத் தாண்டி உள்ளே நீட்டி, ஹேண்ட்பிரேக் பாகங்களை உரசலாம். வீலைக் கையால் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு ஐந்து தரம் "டிக் டிக்" என்று கேட்டால் போல்ட்டின் நீளத்தைச் சந்தேகப்படுங்கள்.

அறிகுறி: மாட்டியாயிற்று, ஆனால் வீல் சுற்றவில்லை அல்லது உலோகம் உரசுகிறது

இது காலிப்பர், அதாவது பிரேக் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம். 16 இன்ச் வீல் எல்லாமே உள்ளே ஒரே வடிவம் என்று நினைப்பதில்தான் தவறு. ரிம்மின் உள்வளைவும் ஆரங்கள் வெளியே குவிந்திருக்கும் அளவும் வீலுக்கு வீல் மாறும். ஒரு 16 இன்ச் வீல் தாராளமாக ஏறும் வண்டியில் இன்னொரு 16 இன்ச் வீல் காலிப்பரில் முட்டும். அதே மாடலில் பெரிய எஞ்சின் உள்ள வகைக்கு முன் டிஸ்க் பெரிதாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் அதே மாடல் வண்டியில் ஏறிய வீல் உங்கள் வண்டியில் ஏறாமல் போக அதுதான் காரணம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கியில் தூக்கி, தாங்குகட்டை கொடுத்து, வெறும் வீலை எல்லா நட்டும் போட்டு மிதமாக இறுக்கி மெதுவாகக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். காலிப்பருக்கும் வீலுக்கும் நடுவே எந்த இடத்திலும் 3 மி.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும். காலிப்பர் முகத்தில் கொஞ்சம் களிமண்ணை ஒட்டிவிட்டுச் சுற்றினால், அது எவ்வளவு நசுங்கியது என்பதைப் பார்த்து இடைவெளியை அளந்துவிடலாம். பேலன்ஸுக்காக உள்ளே ஒட்டும் ஈயத்துண்டோ துத்தநாகத்துண்டோ இன்னும் சில மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளும்; அதையும் கணக்கில் வையுங்கள். வெறும் வீல் சுற்றியது, பேலன்ஸ் பண்ணி வந்ததும் உரசுகிறது என்றால் அந்தத் துண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இடைவெளி போதவில்லை என்று ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தட்டு) போடச் சொல்வார்கள். குளிர்கால வீலுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். உப்பும் ஈரமும் அந்த இடுக்கில் புகுந்து இறுகிக்கொள்ளும். மெல்லிய ஸ்பேசர் ஹப்பின் விளிம்பை மூடிவிட்டால் வீலுக்கு மையம் பிடிக்க இடமிருக்காது. நட்டுக்கு மரையும் குறையும். ஒத்துவரும் வீலாகத் தேடுவதுதான் சரி.

அறிகுறி: ஸ்டியரிங்கை முழுதும் திருப்பினால், அல்லது பள்ளத்தில் இறங்கினால் டயர் உரசுகிறது

இங்கே மூன்று பேர் மீது சந்தேகம்: ஆப்செட், ரிம் அகலம், டயரின் மொத்த விட்டம். எந்த இடத்தில் உரசுகிறது என்பதே பதிலைச் சொல்லிவிடும். டயரின் உள்பக்கத்தில் பளபளப்பான கோடு விழுந்தால் அது ஷாக் அப்சார்பரையோ ஸ்பிரிங்கையோ தொடுகிறது. வீல் அதிகமாக உள்ளே போயிருக்கிறது. வெளித்தோளில் கீறல், ஆள் ஏற்றும்போது மட்டும் சத்தம் என்றால் மட்கார்டின் விளிம்பு; வீல் அதிகமாக வெளியே வந்திருக்கிறது. திருப்பும்போது மட்டும், அதுவும் பிளாஸ்டிக் உறையில் உரசினால் பெரும்பாலும் டயர் பெரிது.

ஆப்செட் கணக்கு பார்க்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வீல் ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதே ஈடி எண். எண் கூடினால் வீல் உள்ளே போகும். குறைந்தால் வெளியே வரும். ரிம் அகலத்தில் பாதியோடு ஈடியைக் கூட்டினால் உள்விளிம்பின் தூரம். பாதியிலிருந்து ஈடியைக் கழித்தால் வெளிவிளிம்பின் தூரம்.

வண்டியில் வந்த வீல் 7ஜே ஈடி45 என்று வைத்துக்கொள்வோம். 7 இன்ச் என்றால் 177.8 மி.மீ., பாதி 88.9. உள்ளே 133.9, வெளியே 43.9. கடையில் 8ஜே ஈடி35 தருகிறார்கள். அதற்கு உள்ளே 136.6, வெளியே 66.6. உள்ளே கிட்டத்தட்ட அதே இடம்; வெளியே 22 மி.மீ.க்கு மேல் தள்ளிக்கொண்டு நிற்கும், உரசத்தான் செய்யும். அதற்குப் பதில் 6.5ஜே ஈடி40 என்றால் உள்ளே 122.6, வெளியே 42.6. இரண்டு பக்கமும் வண்டியில் வந்த வீலின் எல்லைக்குள்ளேயே அடங்குகிறது. டயரின் அகலமும் விட்டமும் கூடாத வரை இந்த வீல் ஷாக் அப்சார்பரையும் மட்கார்டையும் தொடாது. காலிப்பரை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியில் வந்த வீலின் ரிம் அகலம், ஈடி, உள்தூரம், வெளித்தூரம் ஆகிய நாலு எண்ணையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வீல் தேடுங்கள்.

ஆப்செட் ரொம்பக் குறைந்த வீலில் இன்னொரு விளைவும் உண்டு. ஒரு பக்கச் சக்கரம் பனியிலும் மறுபக்கச் சக்கரம் ஈரத்தாரிலும் போகும்போது பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். உரசல் இல்லையே என்று விட்டுவிடக் கூடாத அறிகுறி இது.

டயர் அளவைப் பொறுத்தவரை, ரிம்மை ஒரு இன்ச் குறைத்துப் பக்கவாட்டை உயர்த்துவது குளிர்காலத்துக்கு உகந்தது. பனிக்குக் கீழே மறைந்திருக்கும் பள்ளத்தில் விழுந்தாலும் ரிம் வளைவது குறையும். டயர் கொஞ்சம் குறுகலாவதால் இளகிய பனியை வெட்டிக்கொண்டு அடித்தரையைத் தொடும். ஆனால் மொத்த விட்டம் மாறக் கூடாது. அகலத்தைப் பக்கவாட்டுச் சதவீதத்தால் பெருக்கி, இரட்டிப்பாக்கி, ரிம் இன்ச்சை 25.4-ஆல் பெருக்கி வருவதோடு கூட்டுங்கள். 225/45ஆர்17 தருவது 634.3 மி.மீ.; 205/55ஆர்16 தருவது 631.9, 195/65ஆர்15 தருவது 634.5. மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்று என்று சொல்கிற அளவுக்கு நெருக்கம். ஆனால் எதுவரை இறங்கலாம் என்பதை பிரேக்கின் அளவுதான் தீர்மானிக்கும். டயர் அகலத்துக்கும் ரிம் அகலத்துக்கும்கூட உறவு உண்டு: 205/55ஆர்16 டயருக்கு 5.5 முதல் 7.5 இன்ச் வரையான ரிம் சரி. 8 இன்ச்சில் ஏற்றக் கூடாது.

அறிகுறி: குறிப்பிட்ட வேகத்தில் வண்டி நடுங்குகிறது

எப்போது தொடங்கியது என்று முதலில் யோசியுங்கள். கனத்த பனியில் ஓட்டி, நிறுத்தி, மறுநாள் எடுத்ததும் ஸ்டியரிங் உதறுகிறதா? ரிம்மின் உள்பக்கத்தில் பனி அடைந்து உறைந்திருக்கும். குச்சியாலோ வெந்நீர் இல்லாத சாதாரணத் தண்ணீராலோ அதை எடுத்துவிட்டால் போய்விடும். நல்ல வீலை இதற்காக பேலன்ஸிங்குக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. கடைக்குப் போகும் முன் ஒரு டார்ச் லைட் அடித்து உள்ளே பாருங்கள். பல நாள் நிறுத்தி வைத்த வண்டி முதல் சில கிலோமீட்டர் மட்டும் தடதடத்துவிட்டுச் சரியாகிவிட்டால், டயரின் அடிப்பாகம் தட்டையாகி இருந்து பிறகு சூட்டில் உருண்டை வடிவுக்கு வந்திருக்கிறது, கவலை வேண்டாம்.

வீல் மாற்றிய அன்றிலிருந்தே, 80 முதல் 110 கி.மீ. வேகத்தில் நடுக்கம் வந்து, அதைத் தாண்டினால் குறைகிறதா? பேலன்ஸ் அல்லது மையம். தனியாக விற்கும் பல வீல்களுக்கு நடுத்துளை 73.1 மி.மீ. என்று பெரிதாகவே விட்டிருப்பார்கள், பல வண்டிகளுக்கும் ஏற வேண்டும் என்பதற்காக. உங்கள் ஹப் 64.1 என்றால் நடுவே 9 மி.மீ. வித்தியாசம். அதை நிரப்ப 73.1–64.1 அளவில் ஒரு வளையம் போட வேண்டும். வளையம் பாரம் தாங்குவதில்லை. நட் இறுகியபின் வீலும் ஹப்பும் ஒன்றையொன்று அழுத்தும் பிடியில்தான் பாரம் நிற்கிறது. வளையத்தின் வேலை, நட் இறுகும் நேரத்தில் வீலை நட்டநடுவில் நிறுத்துவது. அது இல்லாவிட்டால் அரை மில்லிமீட்டர் தள்ளி இறுகினாலும் நடுக்கம் வரும். பிளாஸ்டிக்கிலும் அலுமினியத்திலும் கிடைக்கிறது. உப்புச் சாலைக்கு பிளாஸ்டிக்கே என் தேர்வு. அலுமினிய வளையம் ஹப்போடு அரித்து ஒட்டிக்கொண்டு அடுத்த வசந்தத்தில் கழற்றவிடாது. பிரேக் கடுமையாகச் சூடாகும் மலைச்சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு அலுமினியம் பொருத்தம்.

வளையமும் இருக்கிறது, பேலன்ஸும் சரி, இன்னும் நடுங்குகிறது என்றால் வீலைக் கழற்றி ஹப் முகத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு செதில் துரு நடுவில் மாட்டிக்கொண்டாலே வீல் கோணலாக நிற்கும். சுத்தம் செய்தபின் ஹப்பின் விளிம்பில் மட்டும் மெலிதாகத் துருத்தடுப்புக் கிரீஸ் தடவலாம். மரையிலும் நட் இருக்கையிலும் தடவக் கூடாது. கிரீஸ் பட்ட மரையில் அதே முறுக்குக்கு போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் வீல், சீட்டில் தெரிந்தால் பின் வீல் என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அறிகுறி: "டக் டக்" சத்தம், நட் தளர்ந்துகொண்டே இருக்கிறது

வண்டியை நிறுத்துங்கள். இதற்கு மேல் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் இல்லை. இந்தப் பட்டியலிலேயே உயிருக்கு உலை வைக்கும் அறிகுறி இதுதான்.

காரணம் பெரும்பாலும் நட் இருக்கையின் வடிவம். நட்டின் அடிப்பாகம் 60 பாகைக் கூம்பாக இருக்கலாம், அரைக்கோளமாக இருக்கலாம், வாஷரோடு தட்டையாக இருக்கலாம். ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் கம்பெனி வீலுக்குக் கோள இருக்கை. வெளியில் வாங்கும் வீல்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு. கோள நட்டைக் கூம்பு இருக்கையில் போட்டால் அது ஒரு மெல்லிய வளையக்கோட்டில் மட்டும் தொடும். அன்றைக்கு நன்றாக இறுகியதுபோலவே இருக்கும். நூறு கிலோமீட்டரில் அந்தக் கோடு நசுங்கி, பிடி போய்விடும். நட் ஒன்றைக் கழற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். முழு முகமும் ஒரே சீராகத் தேய்ந்திருக்க வேண்டும். ஒரு கோடு மட்டும் மின்னினால் வடிவம் தவறு. புது வீல் வாங்கும்போதே அதற்கான நட்டும் சேர்த்துக் கேளுங்கள். பழைய வீலுக்கான நட்டைத் தனி டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள். ஸ்டெப்னிக்கு எந்த நட் வேண்டும் என்பதையும் பார்த்து, வேறாக இருந்தால் அதை வண்டியிலேயே வையுங்கள்.

வடிவம் சரியென்றால் இறுக்கும் முறையைப் பாருங்கள். நட்சத்திர வரிசையில், எதிரெதிராக, இரண்டு மூன்று கட்டமாக இறுக்கி, கடைசியில் டார்க் ரென்ச்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேட்டில் சொன்ன அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பல கார்களுக்கு இது 100 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் வரும். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒரு தரம் பார்க்க வேண்டும். பெயின்ட் அடித்த புது ஸ்டீல் வீலில் இந்த இரண்டாம் முறை மிக அவசியம்; பெயின்ட் நசுங்கும்போது பிடி குறையும்.

அறிகுறி: ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுகிறது, ஏபிஎஸ் விளக்கு எரிகிறது

டயரின் மொத்த விட்டம் மாறியிருக்கிறது. 205/55ஆர்16-க்குப் பதில் 225/50ஆர்17 போட்டால் விட்டம் 656.8 மி.மீ. ஆகும், சுமார் 4 சதவீதம் பெரிது. முள் 100 காட்டும்போது வண்டி முன்பைவிட 4 கி.மீ. கூடுதலாக ஓடும். 2 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 3-ஐத் தாண்ட வேண்டாம். நான்கும் ஒரே அளவில் இல்லாமல் முன்னும் பின்னும் வேறுபட்டால் ஏபிஎஸ், டிராக்‌ஷன் விளக்குகள் எரியலாம். நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டியில் தேய்மானம்கூட நான்கிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவிலுள்ள விசைப்பகிர்வுப் பெட்டி ஓயாமல் உழைத்துச் சூடாகும்.

அறிகுறி: டயர் காற்றழுத்த விளக்கு அணையவில்லை

குளிர் வந்த முதல் காலையில் எரிந்தால் அழுத்தமே குறைந்திருக்கும். வெப்பம் 10 டிகிரி இறங்கினால் டயரில் சுமார் 0.1 பார், ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். 20 டிகிரி இருக்கும் ஷெட்டில் 33 பிஎஸ்ஐ அடித்துவிட்டு மைனஸ் 15-இல் வெளியே நின்றால் 27-தான் இருக்கும். வெளியே நின்று ஆறிய டயரில் அளந்து அடியுங்கள்.

விளக்கு சிறிது நேரம் மினுக்கிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால், வீலுக்குள் இருக்கும் அழுத்த சென்சாரின் சிக்னல் வண்டிக்குக் கிடைக்கவில்லை. புது வீலில் சென்சார் இல்லை, அல்லது அலைவரிசை வேறு (வட அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பிய வண்டிகளில் 433), அல்லது அதன் அடையாள எண்ணை வண்டிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய சென்சாராக இருந்தால் பேட்டரி தீர்ந்திருக்கலாம். 5 முதல் 10 வருஷம்தான் அதன் ஆயுள். சில வண்டிகள் சென்சாரே இல்லாமல் சக்கரத்தின் சுழற்சியை வைத்து ஊகிப்பவை. அவற்றில் வீல் மாற்றியதும் மெனுவில் போய் ரீசெட் செய்தால் போதும்.

அறிகுறி: எல்லாம் பொருந்திவிட்டது, ஆனால் பனியில் பிடிப்பு இல்லை

டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனிச்செதிலும் பொறித்திருக்கிறதா? எம்+எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடுகள்) அமைப்பைப் பற்றித் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்வது. பனியில் சோதித்ததற்கு அத்தாட்சி இல்லை. மலைச்சின்னத்துக்கு, பனிமேல் குறைந்தபட்சப் பிடிப்பைச் சோதனையில் காட்ட வேண்டும். ஜெர்மனியில் 2024 அக்டோபர் 1 முதல் குளிர்கால டயராக ஏற்பது இந்தச் சின்னம் உள்ளதை மட்டுமே.

சின்னம் இருக்கிறது, பனியில் நன்றாகப் போகிறது, கண்ணாடிபோல் உறைந்த சாலையில் மட்டும் வழுக்குகிறதா? அந்தச் சோதனை பனிமேல் நடப்பது, உறைபனிக்கட்டிமேல் அல்ல. குளிர்கால டயரில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று ஈரமும் கலந்த குளிருக்கும் வேகச்சாலைக்கும் ஆனது. எச், வி போன்ற வேகக்குறி இருக்கும். மற்றது வடதுருவத்தை ஒட்டிய நாடுகளுக்கென்று இன்னும் மென்மையான ரப்பரில் செய்தது. கியூ, ஆர், டி என்று குறைந்த வேகக்குறி இருக்கும். உங்கள் சாலையில் மாதக்கணக்கில் உறைபனி கிடந்தால் இரண்டாவதுதான் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021 மே முதலான டயர் லேபிளில் உறைபனிப் பிடிப்புக்குத் தனிச்சின்னமே இருக்கிறது, அதைத் தேடுங்கள். ஆணி பதித்த டயர் இன்னும் பிடிக்கும், ஆனால் சில நாடுகளில் தடை. அனுமதி இருக்கும் இடத்திலும் முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி ஆணிகளை அமரவிட வேண்டும்.

டயர் சரியான வகைதான் என்றால் வயதைப் பாருங்கள். டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் வரிசையில் கடைசி நாலு எண்: 3523 என்றால் 2023-இன் 35-ஆவது வாரம். பட்டன் ஆழம் 4 மி.மீ.க்குக் கீழே போனால் பனியில் அது அநேகமாகச் சாதாரண டயர்தான். பல நாடுகளின் சட்டம் 1.6 வரை விட்டாலும், ஆஸ்திரியாவில் குளிர்கால ரேடியல் டயருக்கு 4 மி.மீ. கட்டாயம். பக்கவாட்டில் சுழலும் திசைக்கான அம்பு இருந்தால் நான்கும் அந்தத் திசையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வலமும் இடமும் மாறி மாட்டியிருப்பது நிறைய நடக்கிறது.

பிரேக் பிடித்தால் வண்டியின் பின்பக்கம் முன்னுக்கு வரப் பார்க்கிறதா? முன்னால் மட்டும் ஸ்னோ டயர் போட்டிருப்பீர்கள். முன்சக்கரத்துக்குத்தான் விசை போகிறது, இரண்டு போதும் என்ற யோசனை கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வழுக்கிச் சுழன்றுவிடும். நான்கும் போடுங்கள், இதில் சிக்கனம் பார்க்க இடமே இல்லை.

அறிகுறி: குளிர் விட்ட நாளில் வண்டி மெத்துமெத்தென்று அலைகிறது

சுமார் 7 டிகிரிக்குக் கீழே கோடைக்கால டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். குளிர்கால ரப்பர் அதற்கும் கீழே மென்மையாக இருக்கும்படி செய்தது. வெயில் வந்ததும் அந்த மென்மையே அலைச்சலாகத் தெரியும், டயரும் வேகமாகத் தேயும். அழுத்தம் சரியாக இருந்தால் இது கோளாறு இல்லை, கழற்ற வேண்டிய பருவம் வந்துவிட்டது. ஆனால் நல்ல குளிரிலும் பாரம் ஏற்றினால் அலைந்தால், பாரக்குறியீட்டைப் பாருங்கள். குளிர்கால டயருக்கு வேகக்குறியில் சில நாடுகள் சலுகை தரும். பாரத்தில் சலுகை எங்கும் கிடையாது. வண்டிக்கு 94, அதாவது 670 கிலோ என்றால் 91 போடக் கூடாது. மின்சாரக் கார்கள் பேட்டரியால் கனமானவை. அவற்றில் இதை மறந்தே விடக் கூடாது.

அறிகுறி: சங்கிலி மாட்ட இடமில்லை

கையேட்டில் பனிச்சங்கிலிக்கு (பனியில் பிடிப்புக்காக டயரைச் சுற்றி மாட்டுவது) அனுமதித்த அளவு என்று தனியாக ஒன்று இருக்கும், பெரும்பாலும் இருப்பதிலேயே குறுகலானது. மலைப்பாதையில் போகிறவர் என்றால் அந்த அளவிலேயே குளிர்கால வீலை வாங்கிவிடுங்கள். பின்னால் அகல டயர் வரும் வண்டியாக இருந்தாலும் குளிர்காலத்துக்கு நான்கும் ஒரே குறுகிய அளவில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: வாரம் ஒரு தரம் காற்று இறங்குகிறது

பஞ்சர் இல்லை என்று தெரிந்தபின், சோப்புத் தண்ணீரை டயர் ரிம்மோடு சேரும் விளிம்பில் சுற்றிலும் ஊற்றிப் பாருங்கள். பழைய அலாய் வீலில் உப்பு அரித்து வெள்ளைப்பொடி பூத்த இடத்தில் குமிழ் வரும். டயரைக் கழற்றி அந்த விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, சீலர் தடவி மறுபடி ஏற்றினால் நிற்கும். குமிழ் வால்வு அடியில் வந்தால் வால்வை மாற்றுங்கள். சுற்றிலும் எங்கும் வராமல் ஆரத்தின் அடியில் ஒரு கோடாக வந்தால் வீலில் வெடிப்பு. அந்த வீலை வண்டியில் வைத்திருக்கக் கூடாது.